ஃபைட்டர் மீனுக்கு ஜோடி சேர்க்கும் முன்

வில்லிவாக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டி, அதில் நீல நிறத்தில் ஒரு ஃபைட்டர். ஆதார் கார்டு நகலெடுக்க வருகிறவர்கள் மெஷின் ஓடுகிற நேரத்தில் அதைத்தான் பார்ப்பார்கள். தினம் ஒருவராவது கேட்டுவிடுவார்: "தனியா கெடக்கே, பாவம். ஒரு பொண்ணு வாங்கி விடக் கூடாதாண்ணா?"

விடலாம். குடித்தனம்தான் வைக்க முடியாது. முட்டையிடும் அந்தச் சில மணி நேரம் தவிர, ஆண் ஃபைட்டரும் பெண் ஃபைட்டரும் ஒரே தொட்டியில் இருக்கவே கூடாது. ஆறு வருடமாக மாடியில் இவற்றைக் குஞ்சு பொரிக்க வைக்கிறேன், இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

தாய்லாந்துக்காரர்கள் இதை 'ப்ளா கட்' என்பார்கள். கடிக்கிற மீன் என்று அர்த்தம். நம்ம 'கடி'யே ஞாபகத்துக்கு வருகிறது. 2019இல் அந்த நாட்டின் தேசிய நீர்வாழ் உயிரினமாகவும் இதை அறிவித்துவிட்டார்கள். அங்கே வயலிலும் குட்டையிலும் முட்டையிட்டு முடித்ததும் ஆண் விரட்டும், பெண் புல்லுக்குள் ஓடிவிடும், கதை முடிந்தது. இரண்டடித் தொட்டியில் எங்கே ஓடும்? இன்னொன்றும் இருக்கிறது. ஃபைட்டர் மேலே வந்து காற்றைக் குடித்துத்தான் உயிர் வாழும். ஆணோ நுரைக்கூட்டைத் தண்ணீரின் மேற்பரப்பில் கட்டி, அதற்குக் கீழேயே காவல் நிற்கும். பெண் மூச்சு விட மேலே வரும்போதெல்லாம் அதன் கண்ணில்தான் படும்.

இது எனக்குத் தெரியாமல்தான் முதல் ஜோடியைக் கெடுத்தேன். சனிக்கிழமை முட்டையிட்டு முடித்துச் சமாதானமாக இருந்தன. பழகிவிட்டன என்று நினைத்து ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன். திங்கட்கிழமை காலையில் பெண்ணின் வால், மாஞ்சாவில் அறுபட்ட காற்றாடி மாதிரி நார் நாராகத் தொங்கியது. மூன்று நாளில் செத்துப்போனது.

சரி, குஞ்சு பொரிக்கத்தான் வேண்டும் என்றால் முதல் வேலை, வாங்குவது பெண்தானா என்று பார்ப்பது. வால் நீளமாக இருந்தால் ஆண் என்று சொல்லிவிடலாம், ஆனால் ப்ளகாட் என்கிற குட்டை வால் ரகத்தில் ஆணுக்கும் வால் குட்டைதான். ஒருமுறை ஒரு கடையில் பெண் என்று கொடுத்ததை வீட்டுக்குக் கொண்டுவந்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஆண்! பெண்ணுக்கு வயிற்றுக்குக் கீழே, துடுப்பு தொடங்கும் இடத்தில் ரவை அளவு வெள்ளைப் புள்ளி ஒன்று இருக்கும், அதுதான் முட்டைப் புள்ளி. இளம் ஆண்களுக்கும் சில சமயம் அது மாதிரி தெரியும். அதனால் இன்னொரு மீனையோ முகம் பார்க்கும் கண்ணாடியையோ காட்டிப் பாருங்கள். செவுளை விரிக்கும்போது தாடி மாதிரி அகலமாக வெளியே தள்ளினால் ஆண். கொளத்தூர் பக்கம் வாங்கப் போகிறவர்கள் அவசரப்படாமல் கேட்டால் கடைக்காரரே காட்டுவார்.

வாங்கி வந்ததும் இரண்டையும் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி தனித்தனியாக வையுங்கள். பத்து நாளாவது உயிர் உணவு வேண்டும். மொய்னா என்கிற பொடி நீர்ப்பூச்சி, ரத்தப்புழு, கொசுப்புழு எதுவானாலும் சரி. கொசுப்புழுவை மழைத்தண்ணீர் வாளியில் பிடியுங்கள், சாக்கடையில் வேண்டாம். வாளியை மறந்துவிட்டால் கொசுவாகி உங்களைத்தான் கடிக்கும். பெண்ணின் வயிறு உருண்டு வந்தால் தயார்.

முட்டையிடும் தொட்டிக்கு இரண்டடி நீளம், ஓரடி அகலம் போதும். தண்ணீர் ஐந்து அங்குலத்துக்கு மேல் வேண்டாம். விழுகிற முட்டையை ஆண் வாயால் கவ்வி மேலே கொண்டுபோக வேண்டும், ஆழம் கூடினால் அதற்குத்தான் சிரமம். கீழே கல், மணல் போடக் கூடாது, முட்டை இடுக்கில் போய்விடும். மெட்ரோ தண்ணீரை வாய் திறந்த டிரம்மில் ஒரு நாள் வைத்த பிறகு ஊற்றுகிறேன். காய்ந்த நாட்டு வாதாம் இலை ஒன்று போட்டால் தண்ணீர் டீ நிறத்துக்கு வரும், அது நல்லதுதான். எங்கள் தெருமுனை மரத்தில் பொறுக்குவதால் காசு கொடுத்து வாங்கியதில்லை. ஒரு மூலையில் தெர்மாகோல் கப்பைப் பாதியாக வெட்டி மிதக்க விட்டால் ஆண் அதன் அடியில் கூடு கட்டும். எதிர் மூலையில் வேலம்பாசியை நெருக்கமாகப் போடுங்கள். கஞ்சத்தனம் வேண்டாம், பெண்ணுக்கு ஒளிய அது ஒன்றுதான் இடம். சென்னையில் மார்கழி, தை தவிர மற்ற மாதங்களில் ஹீட்டர் தேவைப்பட்டதில்லை. தண்ணீர் 26லிருந்து 29 டிகிரிக்குள் இருந்தால் போதும்.

முதலில் ஆணை விடுங்கள். மறுநாள் பெண்ணைச் சிம்னிக்குள் விட்டு நடுவில் நிறுத்துங்கள். நான் வைத்திருப்பது பாட்டி வீட்டு அரிக்கேன் லைட்டின் சிம்னி. அது கிடைக்காதவர்கள் இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலின் தலையையும் அடியையும் வெட்டிக்கொள்ளலாம். தண்ணீருக்கு மேலே நான்கு விரற்கடை நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எகிறிவிடும்.

இனி பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வேலை. பெண்ணின் உடம்பில் மேலிருந்து கீழாகப் பட்டைக் கோடுகள் வந்து, தலையைத் தாழ்த்தி நின்றால் சம்மதம். கோடுகள் தலையிலிருந்து வால் நோக்கிப் படுக்கை வாட்டில் ஓடினால் பயந்திருக்கிறது என்று பொருள், அன்றைக்கு விடாதீர்கள். வெளிர் நிற மீன்களில் கோடு தெரியாது, அங்கே தலை தாழ்த்துவதை வைத்துத்தான் முடிவு. ஆண் உள்ளங்கை அகலத்துக்கு நுரை கட்டியிருந்தால் சிம்னியை மெதுவாக உருவி எடுங்கள். நாள் முழுக்க வீட்டில் இருக்கும் தினமாகப் பார்த்து இதைச் செய்யுங்கள்.

துரத்தும், ஒன்றிரண்டு கடி விழும், துடுப்பு கொஞ்சம் கிழியும். அதற்குப் பதறவேண்டாம். ஆனால் பெண்ணை மேலே வந்து மூச்செடுக்க விடாமல் ஆண் மடக்கினாலோ, செதில் உதிர்ந்தாலோ உடனே பிரித்துவிடுங்கள். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒத்துப்போனால் கூட்டுக்குக் கீழே ஆண் தன் உடம்பை வளைத்துப் பெண்ணைப் பூட்டுப் போட்டதுபோல் அணைக்கும். விட்டதும் பெண் மயங்கிய மாதிரி சாய்ந்து மிதக்கும். செத்துவிட்டது என்று முதல்முறை தண்ணீருக்குள் கையை விட்டுவிட்டேன், நீங்கள் விட்டுவிடாதீர்கள். வெள்ளை முட்டைகள் உதிரும், ஆண் ஒவ்வொன்றாகப் பொறுக்கி நுரைக்குள் வைக்கும். இப்படி மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப நடக்கும்.

பெண் மூலைக்குப் போய் ஒதுங்கி, ஆண் அதைக் கிட்டவே வர விடாமல் விரட்டினால் முடிந்தது என்று அர்த்தம். அந்த நிமிடமே பெண்ணை எடுத்துவிடுங்கள். வலை வேண்டாம், டம்ளரால் மொண்டு எடுங்கள், கூடு கலையாது. தனி டப்பாவில் வாதாம் இலையோடு, நான்கு லிட்டருக்கு ஒரு சின்ன ஸ்பூன் கல்லுப்பு. துடுப்பு தானாக வளர்ந்துவிடும்.

ஒன்றரை நாள் அளவில் குஞ்சு பொரிந்து, வால் கீழே தொங்க நுரையில் ஒட்டியிருக்கும். விழுவதை அப்பன் தூக்கி வைத்துக்கொண்டே இருப்பான். அதற்கும் இரண்டு மூன்று நாள் கழித்து குஞ்சுகள் படுக்கை வாட்டில் நீந்தும்போது அவனையும் எடுத்துவிட வேண்டும். தீனி, முதல் வாரம் இன்ஃபுசோரியா என்கிற கண்ணுக்குத் தெரியாத நீர் நுண்ணுயிர்கள், பிறகு புதிதாகப் பொரித்த ஆர்டீமியா என்கிற பொடி உப்புநீர் இறால். தொட்டி மூடியே இருக்கட்டும். காற்றைக் குடிக்கும் உறுப்பு அந்த வாரங்களில்தான் உருவாகிறது, குளிர்ந்த காற்று பட்டால் ஆகாது.

குஞ்செல்லாம் வேண்டாம், இரண்டும் கண்ணெதிரே இருந்தால் போதும் என்கிறவர்கள் தொட்டிக்கு நடுவில் தடுப்பு போடுங்கள். துளை போட்ட பிளாஸ்டிக் ஷீட், அதுவும் மறுபக்கம் தெரியாததாக. தெரிந்தால் ஆண் நாள் முழுக்கச் செவுளை விரித்தே களைத்துப்போகும். தடுப்பு மூடியைத் தொடும் உயரத்தில் இருக்கட்டும், இவை நன்றாக எகிறும். ஐந்தாறு பெண்களைச் சேர்த்து வளர்க்கலாம் என்பவர்களும் உண்டு. ஒரு தடவை செய்தேன், அதில் ஒன்று ரவுடியாகி மற்றவற்றைத் தின்ன விடவில்லை.

ஜோடி சேர்க்கும் முன் இன்னொரு கணக்கையும் போட்டுவிடுங்கள். ஒரு ஈட்டில் நூறு குஞ்சு தேறுவது சாதாரணம். இரண்டு மாதத்தில் ஆண்கள் அடித்துக்கொள்ளத் தொடங்கும், ஒவ்வொன்றுக்கும் தனிப் பாட்டில் வேண்டும், தினம் தண்ணீர் மாற்ற வேண்டும். என் மாடிக் கைப்பிடிச் சுவர் நெடுக இப்போது நாற்பத்தேழு ஹார்லிக்ஸ் பாட்டில் நிற்கிறது. ஜெராக்ஸ் எடுக்க வருகிற பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.