எந்தப் பிரதியைக் கேட்டீர்கள்? ஜாஸ் மறுவெளியீடுகளை ஒப்பிட்டுக் கேட்க ஒரு தொடக்கப் பாடம்

டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பம் 1959 ஆகஸ்டில் வெளிவந்தது. அதன் முதல் பக்கத்தில் இருக்கும் மூன்று உருப்படிகளும் 1992 வரைக்கும் சுருதி கொஞ்சம் ஏறியே ஒலித்தன. காரணம் இதுதான்: 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30-வது தெரு ஸ்டூடியோவில் பதிவு நடந்தபோது, மாஸ்டர் டேப் சுற்றிய இயந்திரம் சற்றே மெதுவாக ஓடியது. அப்படிப் பதிவான டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டினால் இசை வேகமாகவும் உயர்ந்தும் கேட்கும். நல்லவேளையாக, பாதுகாப்புக்கென்று இன்னொரு இயந்திரத்திலும் அதே பதிவு ஓடிக்கொண்டிருந்தது. 1992-இல் அந்த இரண்டாவது டேப்பை எடுத்துத்தான் சுருதியைச் சரிசெய்தார்கள்.

ஆக, இந்த ஆல்பத்தைப் பற்றி இரண்டு ரசிகர்கள் பேசும்போது, இருவர் காதிலும் விழுந்தது ஒரே சுருதிதானா என்பதே நிச்சயமில்லை. ஒருவர் “துள்ளல் இருக்கிறது” என்பார், மற்றவர் “நிதானமாக இருக்கிறது” என்பார். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், பிரதி வேறு. ஜாஸ் பதிவுகளைப் பற்றிய வாதங்களில் நிறைய இப்படிப்பட்டவைதான். இதில் புதிதாக நுழைபவர்கள் முதலில் பழக வேண்டிய கேள்வி, “நீங்கள் கேட்டது எந்தப் பிரதி?” என்பது. அதை ஒழுங்காகக் கேட்கவும், அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லவும் வேண்டியதைக் கீழே படிப்படியாகத் தருகிறேன். விலை உயர்ந்த சாதனம் எதுவும் வேண்டாம். சுமாரான ஒரு ஹெட்போனும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

படி 1: மூன்றையும் பிரித்துவிடுங்கள்

ஒரு ஜாஸ் தட்டில் மூன்று வேலைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. முதலாவது, கலைஞர்கள் அன்று வாசித்தது. இரண்டாவது, அதை மைக் வைத்துப் பிடித்த விதம். மூன்றாவது, அந்த டேப்பிலிருந்து உங்கள் கையில் இருக்கும் எல்பியோ சிடியோ கோப்போ உருவான விதம், அதாவது மாஸ்டரிங்கும் (அச்சுக்கு முன் ஒலியைச் சீராக்கும் கடைசி வேலை) அச்சும்.

“இந்த ஆல்பம் எனக்குப் பிடிக்கவில்லை” என்று தோன்றினால், மூன்றில் எது பிடிக்கவில்லை என்று உங்களையே கேளுங்கள். பியானோ மங்கலாகக் கேட்டால் அது பியானோ கலைஞரின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை. ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் ப்ளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனத்துக்குப் பதிவுசெய்த பழைய ஆல்பங்களில் பியானோ கொஞ்சம் அடங்கித்தான் ஒலிக்கும். அது இரண்டாவது அடுக்கு, எந்த ரீமாஸ்டரும் அதை முழுக்க மாற்றாது. டிரம்பெட் காதைக் குத்தினால் அது பெரும்பாலும் மூன்றாவது அடுக்கு, வேறு பிரதியில் சரியாகிவிடும்.

படி 2: கையில் இருப்பது எது என்று கண்டுபிடியுங்கள்

சிடி என்றால் சுலபம். பின்னட்டையிலோ உள்ளே இருக்கும் சிறு புத்தகத்திலோ வெளியான ஆண்டு, மாஸ்டரிங் செய்தவர் பெயர், கேட்டலாக் எண் மூன்றும் பெரும்பாலும் இருக்கும். குறித்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரீமிங்கில் பெரும்பாலும் தலைப்பிலேயே ரீமாஸ்டர் என்ற சொல்லும் ஆண்டும் ஒட்டியிருக்கும். ஒன்றுமே போடாமல் வெறும் அட்டைப்படம் மட்டும் இருந்தால் அந்தப் பிரதியை வைத்து ஒலியைப் பற்றித் தீர்ப்பு சொல்லாதீர்கள், வாசிப்பைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

எல்பிதான் சுவாரசியம். கடைசி உருப்படி முடிந்து லேபிள் தொடங்கும்வரை பளபளப்பான ஒரு வெற்று வளையம் இருக்கிறதே, அதைச் சேகரிப்பாளர்கள் டெட் வாக்ஸ் என்பார்கள். தட்டின் அசல் அடையாளம் அங்கேதான் பொறிக்கப்பட்டிருக்கும். விளக்குக்குக் கீழே தட்டைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். ஒளி ஒரு கோணத்தில் விழும்போது எழுத்துகள் எழும்பித் தெரியும்.

1950-கள், 60-களின் ப்ளூ நோட் தட்டை எடுத்துக்கொள்வோம். அதில் ‘ஆர்விஜி’ என்றோ ‘வான் கெல்டர்’ என்றோ முத்திரை இருந்தால், அந்தப் பதிவைச் செய்த ரூடி வான் கெல்டரே அதை வெட்டினார், அதாவது டேப்பிலிருந்து அச்சுக்கான மூலத்தட்டில் ஒலிக்கோட்டைப் பொறித்தார், என்று அர்த்தம். அதோடு ஒரு சுழித்த கோடு, மனிதக் காது மாதிரி, இருக்கிறதா பாருங்கள். உண்மையில் அது பிளாஸ்டிலைட் என்ற அச்சு ஆலையின் ‘பி’ எழுத்து. பார்வைக்குக் காது மாதிரி இருப்பதால் எல்லோரும் அதைக் காது என்றே சொல்கிறார்கள். ப்ளூ நோட்டை லிபர்ட்டி நிறுவனம் வாங்கிய பிறகு, 1966 வாக்கில், அந்த ஆலையில் அச்சடிப்பது நின்றுவிட்டது. அதனால் காது இருந்தால் அதற்கு முந்தைய அச்சு.

இங்கே தொடக்கநிலை ரசிகர்கள் தவறவிடும் ஒன்று உண்டு. காது இல்லாமல், வான் கெல்டர் முத்திரை மட்டும் உள்ள லிபர்ட்டி கால அச்சுகள் இருக்கின்றன. வான் கெல்டர் வெட்டிய அதே வெட்டிலிருந்து வந்தவைதான் அவையும். சேகரிப்பாளர்கள் காதுக்காகவே பணத்தைக் கொட்டுவதால், இவை அதைவிட மலிவாகவே கிடைக்கும். இசைக்காக வாங்குபவருக்கு என் சிபாரிசு இவைதான்.

படி 3: மூலம் என்ன என்று கேளுங்கள்

ஒரு கடிதத்தை நகலெடுத்து, நகலை மறுபடி நகலெடுத்தால் எழுத்து மங்குகிற மாதிரி, டேப்பும் ஒவ்வொரு தலைமுறையிலும் கொஞ்சம் இழக்கும். இரைச்சல் கூடும், கூர்மை குறையும். அதனால் மறுவெளியீடு முதல் டேப்பிலிருந்து வந்ததா, நகலிலிருந்தா, யாரோ விற்ற சிடியிலிருந்தா என்பது பெரிய விஷயம்.

சிடியிலிருந்து எல்பி போடுவார்களா என்று கேட்கலாம். போடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவுகளுக்கான பாதுகாப்பு முன்பு 50 ஆண்டு. 2011-இல் அதை 70 ஆண்டாக நீட்ட முடிவெடுத்தார்கள், ஆனால் அதற்குள் காலாவதியாகிவிட்டவற்றுக்கு அது பொருந்தவில்லை. 1962 முடியும்வரை வெளியான ஜாஸ், அதாவது பொற்காலத்தின் பெரும்பகுதி, அங்கே யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்றாகிவிட்டது. மாஸ்டர் டேப் அவர்கள் கையில் இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கனமான தட்டு, அழகான அட்டை, மலிவு விலை, ஆனால் மூலத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

இதற்கு நேரெதிர், 2019-இல் ப்ளூ நோட் தொடங்கிய டோன் பொயட் வரிசை. ஜோ ஹார்லி மேற்பார்வையில், கெவின் க்ரே அசல் அனலாக் டேப்பிலிருந்து நேராக வெட்டுகிறார், அதை வெளிப்படையாகச் சொல்லவும் செய்கிறார்கள். சொல்வதில் இருக்கும் நேர்மைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது 2022-இல் எல்லோருக்கும் புரிந்தது. மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் பல ஆண்டுகளாகத் தன் எல்பிகள் பலவற்றை டிஜிட்டல் படி ஒன்றைக் கடந்தே வெட்டிவந்தது அப்போதுதான் வெளியே தெரிந்தது. அவை முழுக்க அனலாக் என்று நம்பி வாங்கியவர்கள் கொதித்தார்கள். கோபம் நியாயம். ஆனால் அந்தத் தட்டுகள் அதற்கு முந்தின நாள் வரை நன்றாக ஒலித்தவைதான். அனலாக், டிஜிட்டல் என்ற சொல்லை வைத்து ஒலியை முன்கூட்டியே தீர்மானிக்காதீர்கள்.

மோனோ, ஸ்டீரியோ குழப்பமும் இங்கேதான் வரும். ஒரு விதி போதும்: மோனோவில் பதிவானதை மோனோவிலேயே கேளுங்கள். 1960-களில் மோனோப் பதிவுகளை மின்னணு முறையில் இரண்டாகப் பிரித்து ‘ஸ்டீரியோவுக்கு மாற்றப்பட்டது’ என்று அட்டையில் போட்டு விற்றார்கள். ஒரு பக்கம் கனமாக, மறுபக்கம் கீச்சென்று இருக்கும். அப்படி ஒரு வரி அட்டையில் இருந்தால் தட்டைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

எல்பி காலத்துக்கு முந்தைய 78 சுழற்சித் தட்டுகளுக்கு மாஸ்டர் டேப் என்பதே கிடையாது. அங்கே பழைய தட்டிலிருந்து ஒலியை எடுத்தவர் யார் என்பதுதான் எல்லாம். லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் பதிவுகளை ஜான் ஆர். டி. டேவிஸ் எடுத்துக்கொடுத்த தொகுப்பில் கேட்டால், 1920-களின் தட்டுக்குள் இவ்வளவு உயிர் இருந்ததா என்று வியப்பீர்கள்.

படி 4: ஒலியளவைச் சமமாக்குங்கள்

இதைச் செய்யாத ஒப்பீடு வீண். சத்தம் கொஞ்சம் கூடினாலே நம் காது அதை ‘நிறைவாக இருக்கிறது’ என்று எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் மெல்லிய ஒலியில் பாஸும் மேல் சுரங்களும் நமக்குக் குறைவாகத்தான் கேட்கும். 1990-களின் இறுதியிலிருந்து வந்த ரீமாஸ்டர்கள் பலவும் பழைய சிடிகளைவிடச் சத்தமாக இருக்கின்றன. போனில் ஒலியளவு காட்டும் செயலி ஒன்றைப் போட்டு, இரண்டு பிரதிகளிலும் ஒரே பகுதியை ஓட்டி, எண் ஒன்றாக வரும்வரை வால்யூமைத் திருத்துங்கள். பிறகுதான் கேட்க வேண்டும்.

படி 5: ஒரே ஒரு நிமிடத்தைக் கேளுங்கள்

முழு ஆல்பத்தையும் கேட்டுவிட்டு மற்றதைப் போட்டால், முதலில் கேட்டது நினைவில் தங்காது. ஒரு நிமிடப் பகுதியை எடுத்து மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வின் முதல் உருப்படியான ‘சோ வாட்’ இதற்கு அருமையான இடம். பியானோவும் பாஸும் மெல்லத் தடவித் தொடங்கி, பாஸ் மெட்டைச் சொல்லி, மற்றவர்கள் இரண்டு சுரத்தில் பதில் சொல்லி முடித்து, மைல்ஸின் தனி வாசிப்பு தொடங்கும் கணத்தில் டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் சிம்பலில் ஓர் அடி கொடுப்பார். அந்த ஒரே அடியை மட்டும் கவனியுங்கள். குச்சி உலோகத்தில் படும் கூர்மை தனியாகக் கேட்கிறதா? அதற்குப் பின் எழும் அலை டிரம்பெட்டுக்குப் பின்னால் எவ்வளவு நேரம் நீடித்து அடங்குகிறது? ஒரு பிரதியில் அது பட்டென்று அறுந்தும் இன்னொன்றில் ஸ்டூடியோவின் உயரமான கூரை வரை போய்க் கரைந்தும் கேட்டால், நல்ல மாஸ்டரிங் எது என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு பால் சேம்பர்ஸின் பாஸுக்கு வாருங்கள். கம்பியை இழுக்கும் விரலும் அதைத் தொடர்ந்து அதிரும் மரமும் தனித்தனியாகக் கேட்கிறதா, எல்லாம் சேர்ந்து ஒரே ‘தும்’ என்று கேட்கிறதா?

வீட்டில் கீபோர்டு இருந்தால் பியானோ போடும் கார்டுகளோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள். சரிசெய்யப்பட்ட பிரதி உங்கள் கீபோர்டோடு சேரும், பழைய வேகப் பிரதி மேலே விலகி நிற்கும். கையிலிருப்பது எந்தக் காலத்துப் பதிப்பு என்று காதாலேயே கண்டுபிடிக்கலாம்.

அப்புறம் டேப் இரைச்சல். மெல்லிய ‘ஸ்ஸ்’ கேட்பதைக் குறையாக நினைக்காதீர்கள். அந்தக் காலத்துப் பதிவில் அது அறவே இல்லையென்றால், இரைச்சலை நீக்கும் கருவி போட்டிருக்கலாம், அது போகும்போது சிம்பலின் மினுமினுப்பையும் சாக்ஸபோனில் கலந்த மூச்சையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடும். இரைச்சலோடு இருப்பதையே நான் எப்போதும் தேர்ந்தெடுப்பேன்.

படி 6: ‘முழுத் தொகுப்பு’ என்றால் அவசரப்படாதீர்கள்

பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் ஜாஸ் கிளப்பில் பிற்பகலும் இரவுமாக ஐந்து சுற்று வாசித்தது. பதினோரு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, பாஸ் கலைஞர் ஸ்காட் லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். முதலில் வெளிவந்த எல்பி, ‘சண்டே அட் த வில்லேஜ் வான்கார்ட்’, அவரை மனதில் வைத்தே தொகுக்கப்பட்டது. தொடங்குவது அவருடைய ‘குளோரியாஸ் ஸ்டெப்’, முடிவதும் அவருடைய ‘ஜேட் விஷன்ஸ்’. 2005-இல் வந்த மூன்று சிடித் தொகுப்பு, அன்று வாசித்ததை வாசித்த வரிசையிலேயே தருகிறது. மின்சாரம் தடுமாறியதில் நடுவே ஒலி அறுந்துபோன ‘குளோரியாஸ் ஸ்டெப்’பின் முதல் வாசிப்பும் அதில் உண்டு.

இரண்டும் வேண்டும், ஆனால் எல்பி வரிசையை முதலில் கேளுங்கள். அந்த வரிசையில் ஓர் அஞ்சலி இருக்கிறது, அது காலவரிசையில் காணாமல் போகும். முழுத் தொகுப்பு ஓர் இசைக்குழுவின் ஒரு நாளைக் காட்டும். பல பழைய சிடிகள் மாற்று டேக்கை (அதே உருப்படியின் இன்னொரு வாசிப்பை) அசல் டேக்குக்கு அடுத்தே வைத்துவிடும். ஒரே உருப்படியை அடுத்தடுத்து இரண்டு முறை கேட்டு அலுத்துப்போய், ஆல்பமே சலிப்பு என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. பிளேயரில் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 7: கருத்தைச் சொல்லுங்கள்

“சூப்பர்”, “மோசம்” இரண்டும் யாருக்கும் உதவாது. நான்கு தகவல் இருந்தால் உங்கள் கருத்து அடுத்தவருக்குப் பயன்படும்: எந்தப் பிரதி, எதில் கேட்டீர்கள், எந்த இடம், என்ன கேட்டது. “1999-க்குப் பிறகு வந்த ஆர்விஜி பதிப்பு சிடி, ஹெட்போன், டிரம்பெட் தனி வாசிப்பின் தொடக்கம்: முந்தைய சிடியைவிட முன்னால் வந்து நிற்கிறது, ஆனால் உச்சத்தில் காது சோர்கிறது.” இவ்வளவு போதும். இதை மறுப்பவரும் அதே இடத்தைப் போட்டுக் கேட்டு மறுக்கலாம்.

அந்த ஆர்விஜி வரிசை நல்ல விவாதப் பொருள்தான். தான் பதிவுசெய்த டேப்புகளை வான் கெல்டரே மீண்டும் மாஸ்டர் செய்தார். “பதிவுசெய்தவருக்குத் தெரியாததா?” என்று ஒரு தரப்பு. “சத்தமும் கூர்மையும் அதிகம், ஸ்டீரியோ பரப்பு சுருங்கிவிட்டது” என்று மறு தரப்பு. நான் இரண்டாவது பக்கம். ஒருவர் 1950-களில் மைக் வைத்த விதத்துக்குத் தலைவணங்கலாம், அவரே பல பத்தாண்டு கழித்துச் செய்த ரீமாஸ்டரை ஏற்காமலும் இருக்கலாம்.

முதல் பயிற்சிக்குப் பியானோ கலைஞர் தெலோனியஸ் மாங்கின் ‘பிரில்லியன்ட் கார்னர்ஸ்’ ஆல்பத்தின் தலைப்பு உருப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். 1956-இல் பதிவான அந்த மெட்டு அவ்வளவு கடினம். சோனி ராலின்ஸ், மாக்ஸ் ரோச், ஆஸ்கர் பெட்டிஃபோர்ட் எல்லாம் இருந்தும் ஒரே மூச்சில் பிசகாமல் முடிக்க முடியாமல், தயாரிப்பாளர் ஓரின் கீப்நியூஸ் பல டேக்குகளிலிருந்து துண்டெடுத்து ஒட்டித்தான் முழுமையாக்கினார். கிடைக்கிற இரண்டு பிரதிகளை ஒலியளவு சமமாக்கி ஓட்டுங்கள். டேப் ஒட்டிய இடம் எது என்று தேடுங்கள். எந்தப் பிரதியில் அது முதலில் காதில் பட்டது, எத்தனையாவது நிமிடத்தில் என்று எழுதிவையுங்கள்.