மொய் நோட்டும் பித்தளை அண்டாவும்: பேரப்பிள்ளையோடு உட்கார்ந்து குடும்பக் கதை எழுதுவது எப்படி

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றுமே தெரியவில்லை" என்று திண்ணையில் உட்கார்ந்து புலம்புவது தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு முழுநேர வேலையாக இருந்தது. போன மே மாத விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்த பேத்தி, பதினான்கு வயது, என் புலம்பலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் ஒரு நாள் கேட்டாள்: "சரி தாத்தா, உங்க தாத்தாவோட அம்மா பேர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. ஊரார் முகவரியெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவன் நான்.

அந்த விடுமுறையில் நாங்கள் இருவரும் ஒரு நோட்டு எழுதினோம். எப்படி எழுதினோம், எங்கே சொதப்பினோம் என்பதைச் சொல்கிறேன். என் வயதுக்காரர்கள் புலம்பும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தாலும் போதும்.

முதலில், வம்சாவளிப் படம் வரைந்து ஆரம்பிக்காதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். பெரிய சார்ட் பேப்பர், கட்டம் கட்டமாகக் கோடு, மேலே கொள்ளுத்தாத்தா. பத்தே நிமிஷத்தில் பாதிக் கட்டம் காலி, பேத்தி செல்போனுக்குத் திரும்பிவிட்டாள். அவளைத் திட்டினேன். ஆனால் வெறுங்கட்டத்தைப் பார்த்து யாருக்குத்தான் ஆசை வரும்? கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு பொருளிலிருந்து ஆரம்பியுங்கள். பரண் மேல் ஏறுங்கள், டிரங்குப் பெட்டியைத் திறங்கள். வயதானவர்கள் ஏற வேண்டாம், பிள்ளையை ஏறச் சொல்லுங்கள். ஏறியவளுக்குக் கிடைத்ததுதான் அவளுக்குப் பிடித்துப்போகும்.

அவளுக்குக் கிடைத்தது மொய் நோட்டு. 1956-இல் என் அத்தை கல்யாணத்தில் எழுதியது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நான்கு மூலையிலும் மஞ்சள், அடுத்த வரியில் "லாபம்", அதற்குக் கீழே தாய்மாமன் பெயர். ஒரு குடும்பத்தின் வரலாறு வேண்டுமென்றால் மொய் நோட்டுக்கு ஈடாக வேறு ஆவணம் கிடையாது என்பது என் கருத்து. யார் யார் உறவு, எந்த ஊரில் இருந்தார்கள், யாருக்கு வசதி, யாருக்கு இல்லை, யாரோடு பேச்சு நின்றுபோனது, எல்லாம் அதில் இருக்கிறது. வராதவர்களும் இருக்கிறார்கள், எப்படியென்றால் அவர்கள் பெயர் இல்லாமல் இருப்பதால்.

அதைப் படிக்கும்போது ஊர்ப் பெயர்களைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் நோட்டில் ஊர்களை வரிசைப்படுத்தியபோது, பாதி உறவு காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையில்தான் இருந்திருக்கிறது என்று பேத்திதான் வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டினாள். எனக்கு அது தோன்றவே இல்லை. செல்போன் வைத்துக்கொண்டு உருப்படியாக ஒன்று செய்தாள் என்று அன்று ஒப்புக்கொண்டேன்.

தொகை வரிசையில் "எட்டணா" என்று வந்ததும் நின்றுவிட்டாள். இங்கே அவசரப்படாதீர்கள். பதினாறு அணா ஒரு ரூபாய், பன்னிரண்டு தம்பிடி (பை) ஒரு அணா, ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் ரூபாய்க்கு நூறு என்ற நயா பைசா வந்தது. எனவே அணாக் கணக்கில் எழுதிய நோட்டு என்றால் பெரும்பாலும் அதற்கு முந்தையது என்று வைத்துக்கொள்ளலாம். கிராமத்தில் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் வாயில் அணாதான் புரண்டது, அதையும் நினைவில் வையுங்கள்.

இனித் தேதி. பழைய நோட்டு, ஜாதகம், கடிதம் எதிலும் பெரும்பாலும் ஆங்கில வருஷம் இருக்காது, தமிழ் வருஷப் பெயர்தான் இருக்கும். அறுபது பெயர்கள் சுற்றிச் சுற்றி வரும். பிரபவ 1927-இல் வந்தது, மறுபடி 1987-இல் வந்தது. அதிலிருந்து விரல் விட்டு எண்ணினால் எதையும் பிடிக்கலாம். எங்கள் நோட்டில் "துன்முகி ௵ வைகாசி ௴" என்று இருந்தது. முதல் குறி வருஷம், இரண்டாவது மாதம். துன்முகி முப்பதாவது பெயர், ஆகவே 1956. அதற்கு அறுபது வருஷம் முன்னால் 1896-இலும் துன்முகிதான். எது என்று தொகையும் தாளும் ஆட்களும்தான் சொல்ல வேண்டும்.

எல்லாரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. தமிழ் வருஷம் சித்திரையில் பிறக்கிறது. எனவே தை, மாசி, பங்குனி என்றால் ஆங்கில வருஷத்தில் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். மார்கழி பாதி இங்கே, பாதி அங்கே. அத்தை பிறந்தது பிரமாதி வருஷம் மாசி மாதம். பிரமாதி 1939, ஆனால் மாசி என்பதால் 1940. அவருடைய ஆதார் அட்டையிலோ 1941 ஜூன் 1. பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் போட்ட தேதி அது. அந்தக் காலத்தில் ஊரில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில்தான் பிறந்திருக்கிறார்கள்!

எண்கள் தமிழில் இருந்தால் பயப்பட வேண்டாம். ௰ பத்து, ௱ நூறு, ௹ ரூபாய். ௨௰௫ என்பதைப் பேத்தி "ரெண்டு, பத்து, அஞ்சு" என்று படித்தாள். இரண்டு பத்து, ஓர் ஐந்து, ஆகவே 25. ஒருமுறை சொன்னால் போதும், அதற்குப் பிறகு என்னை விட வேகமாகப் படித்தாள்.

அப்புறம் பெரியவர்களிடம் கேட்பது. எண்பத்தைந்து வயது அத்தையிடம் போனோம். "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். முடிந்தது பேட்டி. அப்படிக் கேட்டால் அப்படித்தான் பதில் வரும். பேத்தி கேட்டாள், "கல்யாணத்துக்கு மறுநாள் காலைல என்ன சாப்பிட்டீங்க?" அத்தை ஒரு மணி நேரம் பேசினார். சிறிதாகக் கேளுங்கள். உட்கார வைத்துக் கேட்காதீர்கள், கீரை ஆயும்போது கேளுங்கள். செல்போனில் பதிவு செய்வதை முதலிலேயே சொல்லி அனுமதி வாங்கிவிட்டுக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வையுங்கள். தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள். நான் இரண்டு முறை திருத்தினேன், இரண்டு முறையும் வாயை மூடிக்கொண்டார்.

வருஷம் கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. ஏதாவது பெரிய சம்பவத்தோடு சேர்த்துக் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் மகாமகம் நல்ல மைல்கல்: 1956, 1968, 1980, 1992, 2004, 2016. அத்தை, "மகாமகம் முடிஞ்சு மூணாம் மாசம் என் கல்யாணம்" என்றார். மாசியில் மகாமகம், வைகாசியில் கல்யாணம், நோட்டோடு அப்படியே பொருந்தியது. தனுஷ்கோடியைக் கடல் கொண்ட 1964 டிசம்பர் புயல், அண்ணா இறந்த 1969 பிப்ரவரி, இவையும் உதவும். எங்கள் வீட்டுக்கு 1980 நவம்பர். அப்பா கர்ணம், அதாவது கிராமக் கணக்குப்பிள்ளை. எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டுப் பரம்பரைக் கர்ணம், முன்சீப் வேலைகளை ஒழித்தது அந்த மாதம். சரியா தப்பா என்று அப்பாவோடு நான் வாதாடியதில்லை. அதற்குப் பிறகு வீட்டில் எதைப் பேசினாலும் "வேலை போறதுக்கு முன்னாடி", "வேலை போன பின்னாடி" என்றுதான் பேசுவார்கள்.

பத்திரங்கள் கிடைத்தால் நிலக் கணக்கைப் பாருங்கள். தஞ்சைப் பக்கத்தில் நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட். எங்கள் தாத்தா விற்ற பத்திரம் ஒன்றில் "அரைக்கால் வேலி" என்று இருந்தது. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, ஆக இரண்டரை மா, 83 சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. தேதியைப் பார்த்தோம். துன்முகி, சித்திரை. கல்யாணத்துக்கு முந்தைய மாதம். நிலத்தை விற்றுத்தான் கல்யாணம் நடந்தது என்று அப்பா உயிரோடு இருந்தவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அத்தையிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். பேத்தி சொல்லிவிட்டாள். "தெரியும்டி" என்றார் அத்தை.

காகிதத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. லேமினேஷன் செய்யாதீர்கள். அப்பா எனக்கு எழுதிய ஒரே கடிதத்தை ஆசையாக ஒரு கடையில் கொடுத்தேன், சூட்டில் மை பரவி, நடுவில் குமிழி வந்து, இனி பிரிக்கவும் முடியாது. செல்லோடேப்பும் கூடாது, பழுப்பேறித் தாளைத் தின்றுவிடும். ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல் படம் எடுத்து இரண்டு இடத்தில் சேமித்துவிட்டு, காகிதத்தை மடிக்காமல் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பக்கத்தில் நான்கு வசம்புத் துண்டு போடுங்கள்.

நோட்டு பாதி ஆன சமயம் பேத்தி கேட்டாள்: "இதுல ஒரு பொம்பள பேர் கூட இல்லையே தாத்தா?" மொய் நோட்டு முழுக்கப் புரட்டினேன். இல்லை. பத்திரத்திலும் இல்லை. பழசையெல்லாம் பொன் என்று சொல்லும் ஆள் நான், இன்றைக்கும் கல்யாணத்துக்கு முன்னால் கடற்கரையில் கட்டிப்பிடித்துப் படம் எடுப்பதை என்னால் சகிக்க முடியாது. ஆனால் எட்டாம் வகுப்போடு அத்தையின் படிப்பை நிறுத்தியதும் அதே பழசுதான். அதையும் எழுதச் சொன்னேன். மறைத்து எழுதினால் பிள்ளைகள் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் நல்லதையும் நம்ப மாட்டார்கள்.

பெண்களின் பெயர் எங்கே இருக்கிறது என்று அத்தைதான் சொன்னார்: "பாத்திரத்தைப் பாருங்க." சீராக வந்த குடம், அண்டா, செம்பு எல்லாவற்றின் கழுத்திலும் பெயர் வெட்டியிருக்கும். மாவை லேசாகத் தடவித் துடைத்தால் எழுத்துப் பள்ளத்தில் வெள்ளையாகத் தங்கிப் படிக்க வரும். பரணில் மிச்சமிருந்த ஒரே பித்தளை அண்டாவில் ஒரு பெயர் முழுசாக இருந்தது. "எங்க அப்பாயி" என்றார் அத்தை. அத்தையின் அப்பாயி என்றால் என் தாத்தாவின் அம்மா. அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை, அது எங்கள் நோட்டில் இருக்கட்டும்.

ஒரே அண்டாதான் மிச்சம். மற்றதையெல்லாம் எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கியது எங்கள் தலைமுறை. அந்த மூட்டையைக் கடைக்குச் சைக்கிளில் கொண்டுபோனவன் நான்தான்.

இப்போது கல்யாண மண்டபத்தில் கியூஆர் அட்டை வைத்துவிடுகிறார்கள், மொய் வங்கிக் கணக்கில் விழுகிறது. விழட்டும். பக்கத்தில் ஒரு நோட்டும் வைத்து ஆணோ பெண்ணோ வந்தவர் பெயர், ஊர் எழுதச் சொல்லுங்கள். எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். எல்லாரையும் அங்கிள், ஆண்ட்டி என்று கூப்பிடுகிறவர்கள், உறவு கேட்டு எழுதும்போது யார் பெரியப்பா, யார் சித்தப்பா, யார் மாமா என்று தானாகப் பழகுவார்கள். மூன்று மணி நேரம் மேஜையில் உட்கார்ந்தால் நான் பத்து வருஷம் சொல்லித் தராதது வந்துவிடும்.

ஊருக்குப் போகிற அன்று அவளுக்கு ஒரு பித்தளைச் செம்பு வாங்கிப் பெயர் வெட்டக் கொடுத்தேன். முதலெழுத்து என்ன என்று கடைக்காரர் கேட்டார். "அம்மா, அப்பா ரெண்டு பேரோடதும்" என்றாள் பேத்தி. எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. முனகிக்கொண்டே ஓர் எழுத்துக்குக் கூடுதலாகக் கொடுத்தேன்.