பகல் தூக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? போடுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

சீட்டில் மோடாஃபினில் அல்லது ஆர்மோடாஃபினில் என்று எழுதியிருந்தால் அது பகலில் அடக்க முடியாமல் வரும் தூக்கத்துக்கான மாத்திரை. பாளையங்கோட்டையில் மெடிக்கல் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவன் நான். இதைக் கேட்டு வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. மாசக்கணக்கில் அலைந்து, பரிசோதனை எல்லாம் முடித்து, சீட்டோடு வருகிறவர்கள் ஒரு வகை. "அண்ணாச்சி, தூக்கம் வராம இருக்க ஒரு மாத்திரை இருக்காமே, ரெண்டு குடுங்க" என்று பரீட்சைக்கு முந்தின நாள் வந்து நிற்கிற காலேஜ் பையனும், தூத்துக்குடியில் லோடு ஏற்றிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகப் பெங்களூரு போய்ச் சேர வேண்டிய லாரிக்காரரும் இன்னொரு வகை. இதை முதல் வகை ஆட்களுக்காக எழுதுகிறேன். இரண்டாவது வகைக்கு ஒரே வரிதான்: சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து இது, நான் தரமாட்டேன், தருகிற கடையிலும் வாங்காதீர்கள்.

மாத்திரையைப் பற்றிச் சொல்லும் முன் தூக்கம் ஏன் வருகிறது என்று பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் இது காரணத்தைச் சரி செய்யும் மருந்து இல்லை, விழித்திருக்க மட்டும்தான் உதவும். ஊர்க் கொடையில் விடியவிடிய வில்லுப்பாட்டுக் கேட்டுவிட்டு மறுநாள் கடையில் உட்கார்ந்து சாமியாடினால் அது நோய் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சொதிச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்குவதும் நோய் இல்லை. முக்கூடல் பக்கம் ஆயிரம் பீடி கணக்கை முடிக்க நடுராத்திரி வரை உட்கார்ந்துவிட்டு, தண்ணீர் பிடிக்க நாலு மணிக்கு எழுந்திருக்கிற அக்காவுக்குத் தேவை தூக்கம், மாத்திரை இல்லை. அதே அக்காவுக்கு ரத்தசோகை இருக்கலாம், தைராய்டு குறைவாக இருக்கலாம், சர்க்கரை இருக்கலாம். அரிப்புக்கும் தும்மலுக்கும் தினமும் போடுகிற செட்ரிசின், அவில் மாதிரி மாத்திரைகளே பகலெல்லாம் தூங்க வைக்கும். வலிப்புக்கும் மனநலத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளும் அப்படித்தான்.

இதெல்லாம் இல்லை, ராத்திரி ஏழெட்டு மணி நேரம் நன்றாகத் தூங்கியும் பகலில் விழுகிறீர்கள் என்றால்தான் அடுத்த கட்டம். எப்வொர்த் அளவுகோல் என்று ஒன்று உண்டு, 1991-ல் மரே ஜான்ஸ் என்கிற ஆஸ்திரேலிய டாக்டர் போட்டது. எட்டுக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க், மொத்தம் 24. உட்கார்ந்து படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, ஒரு மணி நேரம் வண்டியில் பயணியாகப் போகும்போது, ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது எல்லாம் கண் அசர எவ்வளவு வாய்ப்பு என்று கேட்கும். 10-க்கு மேல் போனால் டாக்டரைப் பார்க்க வேண்டும். திருநெல்வேலி ஜங்ஷனில் ஏறித் தென்காசியில் இறங்குவதற்குள் தூங்கிப் போகிறவர்கள் பாதி பஸ் இருப்பார்கள், அதை வைத்துப் பயப்பட வேண்டாம். எதிரே இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கினால் பயப்படலாம். குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறீர்கள் என்று வீட்டில் சொன்னாலும், விழுந்து விழுந்து சிரிக்கும்போது முழங்கால் துவண்டு போனாலும், அதையும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். முதலாவது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம், இரண்டாவது நார்கோலெப்சி, அதாவது பகலில் திடீர் திடீரென்று தூக்கம் வந்து அமுக்கும் நோயின் அடையாளம். எது என்று உறுதியாகத் தெரிய ராத்திரித் தூக்கத்தைக் கருவி வைத்துப் பார்க்கும் பரிசோதனை வேண்டும்.

டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டியது: ரத்த அழுத்தம், இதய வால்வுக் கோளாறு அல்லது இதயச் சுவர் தடிப்பு, ஈரல் கோளாறு, முன்னால் எப்போதாவது மனநலத்துக்குச் சிகிச்சை எடுத்தது, குடிப்பழக்கம். இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுபோய் மேஜையில் கொட்டுங்கள். "வெள்ளை மாத்திரை, சின்னதா இருக்கும் டாக்டர்" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்?

சரி, மாத்திரை கைக்கு வந்துவிட்டது. சீட்டில் 1-0-0 என்று இருக்கும், காலையில் ஒன்று, மதியமும் இரவும் இல்லை என்று அர்த்தம். மோடாஃபினில் பொதுவாக 200 மில்லிகிராம், ஆர்மோடாஃபினில் 150; சிலருக்கு 100 அல்லது 50-ல் தொடங்குவார்கள், ஈரல் ரொம்பப் பழுதாகியிருந்தால் பாதிதான். இரண்டும் ஒரே குடும்பம் என்றாலும் ஒரே மருந்து இல்லை, மில்லிகிராம் கணக்கும் வேறு. "அது இல்ல, இது இருக்கு, ஒண்ணுதான்" என்று கடையில் மாற்றிக் கொடுத்தால் டாக்டரிடம் கேட்காமல் வாங்காதீர்கள்.

தூக்கம் வருவது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதானே, மாத்திரையையும் அப்போதே போட்டால் என்ன என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கணக்குப் பாருங்கள். வேலை செய்யத் தொடங்கி உச்சத்துக்குப் போக 2 முதல் 4 மணி நேரம் ஆகும். அப்புறம் உடம்பில் பாதியாகக் குறையச் சுமார் 15 மணி நேரம். காலை 7 மணிக்குப் போட்டதில் பாதி ராத்திரி 10 மணிக்கும் உள்ளே இருக்கும். மதியம் 2 மணிக்குப் போட்டால் பாதி மறுநாள் விடியற்காலை 5 மணி வரை நிற்கும், ராத்திரி தூக்கம் போச்சு, மறுநாள் இன்னும் மோசமாக விழுவீர்கள், அப்போது இன்னொன்று போடத் தோன்றும். அதனால் காலையில் எழுந்ததும் போடுங்கள். சாப்பிடும் முன்னாலும் போடலாம், பின்னாலும் போடலாம், சாப்பிட்டுவிட்டுப் போட்டால் வேலை செய்ய மோடாஃபினில் ஒரு மணி நேரம் போலத் தாமதமாகும், ஆர்மோடாஃபினில் இன்னும் கூடத் தாமதமாகலாம், அவ்வளவுதான். காலையில் மறந்துவிட்டு மத்தியானம் நினைவு வந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். மறுநாள் இரண்டாகப் போடவே கூடாது. 200-க்கு மேல் 400 வரை ஏற்றினால் பலன் கூடுகிறது என்பதற்கு உறுதியான சான்றும் இல்லை, தொந்தரவுதான் கூடும்.

ராத்திரி ஷிஃப்டுக்காக எழுதியிருந்தால் கணக்கு வேறு, ஷிஃப்ட் தொடங்க ஒரு மணி நேரம் முன்னால். கங்கைகொண்டானில் 10 மணி ஷிஃப்ட் என்றால் 9 மணிக்கு. ஆனால் ஷிஃப்ட் ஆட்கள் மாத்திரை போட்டும் தூக்கம் முழுசாகப் போவதில்லை, காலையில் முடித்துவிட்டு நாலுவழிச் சாலையில் பைக்கை முறுக்காமல் கம்பெனி பஸ்ஸிலேயே வாருங்கள். இந்த மருந்தை எதற்குக் கொடுக்கலாம் என்பதிலேயே நாட்டுக்கு நாடு வித்தியாசம் உண்டு: அமெரிக்காவில் நார்கோலெப்சி, மூச்சுத்தடை, ஷிஃப்ட் தூக்கம் மூன்றுக்கும் அனுமதி இருக்கிறது. ஐரோப்பிய மருந்து முகமை 2010-ல் நார்கோலெப்சிக்கு மட்டும் போதும் என்று சுருக்கச் சொல்லிவிட்டது. காரணம் தோல், மனநிலை, இதயம் சம்பந்தப்பட்ட தொந்தரவுகள்.

அந்தத் தோல் விஷயத்தைத்தான் நான் கவுண்டரில் ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் நிறுத்திச் சொல்வது. தலைவலி, குமட்டல், வாய் வறட்சி, பசிக்குறைவு, படபடப்பு எல்லாம் வரும், பெரும்பாலும் தாங்கக்கூடியவை, தொடர்ந்தால் டாக்டரிடம் சொன்னால் போதும். தடிப்பு அப்படி இல்லை. அபூர்வம்தான், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்று பெயர். பொதுவாக மாத்திரை தொடங்கின முதல் ஐந்து வாரத்துக்குள் வரும், அதற்குப் பிறகும் வரலாம். முதலில் காய்ச்சலும் தொண்டை வலியுமாக இருக்கும், பிறகு மார்பிலும் முகத்திலும் சிவப்புத் தடிப்பு, உதட்டோரத்திலும் வாய்க்குள்ளும் புண், கண் சிவந்து எரிச்சல், கொப்புளம், கடைசியில் தோல் உரிதல். நம்ம பக்கத்தில் என்ன ஆகும்? காய்ச்சலோடு உடம்பில் சிவப்பாக எழும்பினால் ஆச்சி பார்த்துவிட்டு "அம்மை போட்டிருக்கு" என்று வாசலில் வேப்பிலையைச் செருகிவிடுவாள், டாக்டரிடம் போகக்கூடாது என்பார்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றாது. சித்திரை வெயிலில் வேர்க்குரு என்று விடுவதும் உண்டு. ஆச்சியோடு வாதாட வேண்டாம், வேப்பிலை இருந்துவிட்டுப் போகட்டும். மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு, அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ பக்கத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கோ போங்கள். முகமோ நாக்கோ வீங்கி மூச்சு முட்டினாலும், நெஞ்சு வலித்தாலும் 108-க்குப் போன் போடுங்கள். தடிப்பு மருந்தால்தான் வந்தது என்று ஆகிவிட்டால் பிறகு ஒருநாளும் அந்த மாத்திரை வேண்டாம்.

மனசு விஷயத்தை வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள், அதனால் மாத்திரை தொடங்கும்போதே அவர்களிடம் சொல்லி வையுங்கள். தூங்காமல் ஓயாமல் பேசுவது, எல்லார் மேலும் சந்தேகம், இல்லாத குரல் கேட்பது, செத்துப் போகலாமா என்ற நினைப்பு, இதில் எது வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் பேச வேண்டும். கோடாங்கியிடம் போவதற்கு முன்னால் 14416-ஐக் கூப்பிடுங்கள், டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசலாம்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. மாலா-என் மாதிரி ஹார்மோன் கருத்தடை மாத்திரையின் பலத்தை இந்த மருந்து குறைத்துவிடும், நிறுத்தின பிறகும் குறைந்தது ஒரு மாதம் வரை அப்படியே இருக்கும், பிரிட்டனில் இரண்டு மாதம் என்றே சொல்கிறார்கள். காப்பர்-டி, ஆணுறை மாதிரி வேறு வழிக்கு டாக்டரிடம் கேளுங்கள். கர்ப்பத்தில் போட்டால் குழந்தைக்குப் பிறவிக் குறை வரக்கூடும் என்று 2019-லிருந்து எச்சரிக்கை இருக்கிறது, நாள் தள்ளிப்போனால் உடனே சொல்லிவிடுங்கள். மாமியார் முன்னால் இதையெல்லாம் கேட்கக் கூச்சமாக இருந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள், எத்தனையோ பேர் என்னிடம் அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள்.

ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் வார்ஃபரின், வலிப்புக்கான ஃபெனிடோயின், பதற்றத்துக்கான டயசிபாம், சிறுநீரகம் மாற்றினவர்கள் போடும் சைக்ளோஸ்போரின், இவற்றோடு சேரும்போது ஒன்றின் அளவு இன்னொன்றால் மாறும், அதைத் தெரிந்துதான் டாக்டர் எழுதியிருக்கிறாரா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். குடி வேண்டவே வேண்டாம். டீ, காபியை நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் படபடப்பு இருந்தால் அந்த நாலாவது டீயைக் குறைத்துப் பாருங்கள். முதல் சில வாரம் ரத்த அழுத்தம் பார்த்துக் குறித்து வையுங்கள். மூச்சுத்தடைக்கு ராத்திரி முகமூடிக் கருவி கொடுத்திருந்தால் அதை ஓரமாக வைத்துவிட்டு மாத்திரையை மட்டும் போடுவதில் பிரயோஜனமே இல்லை, பகலில் கண் விழித்திருக்கும், ராத்திரி மூச்சு நின்றுகொண்டே இருக்கும். வண்டி ஓட்டுகிறவர்கள் இது உங்கள் உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்று தெரியும் வரை ஸ்டியரிங்கில் உட்காராதீர்கள். தெரிந்த பிறகும் கண் கனத்தால் நாங்குநேரி டோல்கேட் தாண்டி ஓரங்கட்டிவிட்டுத் தூங்குங்கள், கந்துவட்டிக்குக் கடன் வாங்கின மாதிரி தூக்கத்தை மாத்திரையால் தள்ளிப்போட்டால் எங்கேயாவது மொத்தமாக வசூல் பண்ணிவிடும்.

கபடி, தடகளம் என்று போட்டிக்குப் போகிறவர்களுக்கு: உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில் இது இருக்கிறது, போட்டி நேரத்தில் உடம்பில் இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள், டாக்டர் சீட்டு இருந்தாலும் முறைப்படி விலக்கு வாங்க வேண்டும். துபாய், சவூதி போகிறவர்களும் மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு அப்படியே கிளம்பிவிடக் கூடாது. அந்தந்த நாட்டு விதியைப் பயணத்துக்கு முன்னாலேயே கேட்டு, முன்அனுமதி வேண்டுமென்றால் வாங்கிக்கொண்டு, சீட்டோடும் பிரிக்காத அட்டையோடும் போங்கள்.

வாங்கும்போது அட்டையை வெட்டிக் கொடுத்தால் பெயரும் காலாவதி தேதியும் இருக்கிற பக்கம் உங்களிடம் வருகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அந்தப் பக்கத்திலிருந்து வெட்டிக் கேளுங்கள். பில் வாங்குங்கள். லாரி டேஷ்போர்டிலும் அடுப்படி அலமாரியிலும் வைக்காதீர்கள், 30 டிகிரிக்குக் கீழே, ஈரமில்லாத இடம் வேண்டும். பரீட்சை எழுதும் மருமகனுக்கு ஒன்று கொடுக்கிற வேலையும் வேண்டாம். இது எல்லாக் கடையிலும் இருக்கிற மருந்து இல்லை, களக்காடு, திசையன்விளை பக்கம் உள்ளவர்கள் அட்டையில் நாலு மாத்திரை மிச்சம் இருக்கும்போதே சீட்டைக் காட்டிச் சொல்லி வைத்துவிடுங்கள், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இன்னும் ஒரு வாரம் முன்னாலேயே.