சீசன் முடியும் நேரத்தில் கோச்சை நீக்கும் சங்கங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கால்பந்துச் சங்கம் பருவத்தின் கடைசி ஆறேழு ஆட்டங்கள் எஞ்சியிருக்கும்போது தன் பயிற்சியாளரை நீக்குகிறது என்றால், அந்த முடிவு பெரும்பாலும் ஏதோ ஓர் ஆட்டத்தில் தோற்ற இரவில் எடுக்கப்பட்டதாகவே இருக்கும். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கிலும் இது நடக்கிறது. பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்க வாசலில் பைக்கில் சாய்ந்தபடி பேசிக்கொண்டிருக்கும் உள்ளூர்ச் சங்க நிர்வாகிகளிடமும் இது நடக்கிறது. திருநெல்வேலிச் சீமையில், அதாவது 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்பிருந்த பழைய எல்லைக்குள், கால்பந்து புதிதாக வந்த மோகம் அன்று. நாசரேத், சாயர்புரம், பாளையங்கோட்டை ஆகிய ஊர்களின் மிஷன் பள்ளி மைதானங்களில் அது தலைமுறைகளாக ஆடப்பட்டு வருகிறது. காயல்பட்டினத்தில் கோடைதோறும் நடக்கும் மவ்லானா அபுல் கலாம் ஆசாத் நினைவுச் சுழற்கோப்பைக்கு வெளிமாநில அணிகளும் வந்து ஆடுகின்றன. அப்படிப்பட்ட சங்கங்களை நடத்துவோரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வருவதற்குக் காரணம், அங்கே ஒவ்வோர் ஆட்டத்தின் கணக்கும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான்.

பருவக் கடைசியில் நீக்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. எத்தனை ஆட்டங்கள், எத்தனை பயிற்சி நாட்கள் மிச்சம் இருக்கின்றன, அடுத்து வருபவர் யார் என்ற கேள்விகளுக்கு விடை தெரிவதற்கு முன்பே நீக்கிவிடுவதைத்தான் தவறு என்கிறேன். மற்றப் பிழைகளில் பல இதிலிருந்தே கிளைக்கின்றன.

முதலாவதும் மிகப் பரவலானதுமான தவறு, கடைசி ஐந்து ஆட்டங்களின் முடிவை மட்டும் பார்த்து, அந்த ஐந்து ஆட்டங்களில் எதிரே நின்றவர்கள் யார் என்பதைப் பார்க்காமல் விடுவது. கிரிஸ்டல் பேலஸ் சங்கம் 2023 மார்ச்சில் பாட்ரிக் வியெராவை நீக்கியது. அந்த ஆண்டு பிறந்ததிலிருந்து அணி லீக்கில் ஓர் ஆட்டத்தில்கூட வென்றிருக்கவில்லை என்பதால், நீக்கம் நியாயமாகவே தெரிந்தது. அவருக்குப் பதிலாகத் திரும்ப அழைக்கப்பட்ட முதியவர் ராய் ஹாட்ஜ்சன் எஞ்சிய பத்து ஆட்டங்களில் 18 புள்ளிகள் எடுத்துக் கொடுத்தார். அணி 11ஆம் இடத்தில் முடித்தது. மந்திரம் என்று சொன்னவர்கள் அதிகம். ஆனால் அட்டவணையை எடுத்து வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். வியெரா அந்த மாதங்களில் சந்தித்த அணிகள் மான்செஸ்டர் சிட்டி, மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், நியூகாசில், பிரைட்டன், டாட்டன்ஹாம் என்று பெரும்பாலும் பட்டியலின் மேல் பாதியைச் சேர்ந்தவை. ஹாட்ஜ்சன் வென்ற ஐந்து ஆட்டங்களோ லெஸ்டர், லீட்ஸ், சவுத்ஹாம்டன், வெஸ்ட் ஹாம், போர்ன்மவுத் ஆகியவற்றுக்கு எதிரானவை. ஐந்துமே அந்தப் பருவத்தைக் கீழ்ப் பாதியில் முடித்த அணிகள். ஹாட்ஜ்சன் நல்ல வேலை செய்யவில்லை என்பதன்று. வியெரா இருந்திருந்தாலும் அந்த ஐந்தில் சிலவற்றை வென்றிருப்பார் என்று எண்ண இடமிருக்கிறது.

இந்த ஐயத்தைப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல் நெதர்லாந்து முதல் நிலை லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களை வைத்துச் சோதித்தார். தொடர்ந்து தோற்றுப் பயிற்சியாளரை நீக்கிய சங்கங்களையும், அதே அளவு தோற்றும் நீக்காமல் இருந்த சங்கங்களையும் அவர் ஒப்பிட்டார். இரு சாராரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் தேறி வந்திருந்தார்கள். காய்ச்சல் தானாக இறங்கும் நாளில் கொடுத்த கஷாயத்துக்குப் பெயர் கிடைப்பது போன்ற கதை இது. உள்ளூர் அளவில் இந்தத் தவறைத் தவிர்க்கப் புள்ளியியல் எதுவும் வேண்டாம்: தோற்ற ஆட்டங்களில் எதிரணியின் தரம், காயத்தால் ஆடாதவர்கள், செமஸ்டர் தேர்வுக்குப் போன கல்லூரிப் பிள்ளைகள் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கமிட்டி உட்கார்ந்தால் போதும். கோல்கீப்பரும் நடுவரிசை ஆட்டக்காரரும் பரீட்சை ஹாலில் இருந்த வாரத்தில் விழுந்த நாலு கோல்களுக்குக் கோச்சைக் குற்றம் சொல்வது நம் பக்கத்தில் அரிதன்று.

நீக்காமல் பொறுத்ததற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2014–15 பருவத்தில் லெஸ்டர் சிட்டி ஏப்ரல் தொடக்கத்தில் பட்டியலின் அடியில் கிடந்தது. நைஜல் பியர்சனை நீக்காமல் விட்டார்கள். கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழில் வென்று அணி தரமிறக்கத்திலிருந்து, அதாவது பட்டியலின் கடைசி இடங்களில் முடித்துக் கீழ்நிலை லீக்குக்குத் தள்ளப்படுவதிலிருந்து, தப்பியது. அதே சங்கம் 2023இல் எதிர்வழியில் போனதுதான் அடுத்த தவறுக்குச் சான்று.

அந்தத் தவறு, அடுத்தவரைத் தேடி முடிக்காமல் இருப்பவரை அனுப்புவது. 2023 ஏப்ரல் 2ஆம் தேதி லெஸ்டர் பிரெண்டன் ராட்ஜர்ஸை அனுப்பியபோது பத்து ஆட்டங்கள் மிச்சம் இருந்தன. டீன் ஸ்மித் பொறுப்பேற்றது ஏப்ரல் 10ஆம் தேதி. நடுவில் இருந்த அந்த ஒரு வாரத்தில் உதவிப் பயிற்சியாளர்கள் பார்த்துக்கொண்ட இரண்டு ஆட்டங்கள் வந்தன. இரண்டும் சொந்த மைதானத்தில் நடந்தன. ஆஸ்டன் வில்லாவிடமும் போர்ன்மவுத்திடமும் தோற்றார்கள். பருவம் முடிந்தபோது லெஸ்டருக்கு 34 புள்ளி, தரமிறக்கத்திலிருந்து தப்பிய எவர்ட்டனுக்கு 36. புதியவர் பெயர் முடிவாகாத அந்த எட்டு நாட்கள்தான் அணியை இறக்கிவிட்டன என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சொந்த மைதானத்தில் வந்த இரண்டு வாய்ப்புகள் அந்த நாட்களில் கைநழுவின. ஆகவே நீக்கும் கடிதமும் நியமனக் கடிதமும் ஒரே நாளில் தயாராக இருக்க வேண்டும். நம் ஊரில் இது இன்னும் முக்கியம். ஏனெனில் இங்கே மாற்றாள் என்பவர் பெரும்பாலும் முன்பு போலீஸ் அணியிலோ வங்கி அணியிலோ ஆடிய ஒருவர். அவருக்கு வேலை நேரம் உண்டு. மாலை ஐந்து மணிப் பயிற்சிக்கு அவரால் தினமும் வர முடியுமா என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பெயரை அறிவித்துவிடுவார்கள்.

புதியவருக்கு எவ்வளவு காலம் கொடுக்கிறோம் என்பதை எண்ணாமல் விடுவது மூன்றாவது. வாட்ஃபோர்ட் சங்கம் 2020 ஜூலையில் இரண்டே ஆட்டங்கள் மிச்சம் இருக்கையில் நைஜல் பியர்சனை நீக்கியது. அப்போது அணி தரமிறக்க எல்லைக்கு மூன்று புள்ளி மேலே இருந்தது. இரண்டிலும் தோற்றது, இறங்கியது. லீட்ஸ் 2023 மே மாதம் நான்கு ஆட்டங்களுக்காக சாம் அலர்டைஸை அழைத்தது. அவர் எடுத்தது ஒரே ஒரு புள்ளி. நான்கு ஆட்டம் என்றால் ஏறத்தாழ நான்கு வாரம், பயணத்தையும் ஓய்வையும் கழித்தால் பதினைந்து பயிற்சி நாட்களுக்கு மேல் தேறாது. தற்காப்பு வரிசை ஒன்றாக நகர்வதற்கே அந்த நாட்கள் பத்தாது. நம் பக்கத்தில் ஏப்ரல், மே வெயிலில் காலை ஏழரைக்கு மேல் பிள்ளைகளை ஓடவிட முடியாது என்பதால், கணக்கு இன்னும் சுருங்கும். புதிய பயிற்சியாளர் இவ்வளவு குறைந்த நாட்களில் மாற்றக்கூடியவை மிகச் சில: கார்னரையும் ஃப்ரீ கிக்கையும் எதிர்கொள்ளும் ஏற்பாடு, முதல் பதினொருவரில் ஓரிரு இடங்கள், கலைந்துபோன மனநிலை. ஆட்ட அமைப்பையே தலைகீழாக மாற்றப் போகிறேன் என்று வருபவரை அந்த நேரத்தில் நியமிக்கவே கூடாது என்பது என் கருத்து.

முதல் சில வெற்றிகளைக் கண்டு மயங்குவதும் இதோடு சேர்ந்தது. பர்ன்லி சங்கம் ஏறக்குறைய பத்தாண்டுகள் இருந்த ஷான் டைச்சை 2022 ஏப்ரல் 15இல் நீக்கியது. இடைக்காலப் பொறுப்பில் வந்த மைக் ஜாக்சனின் முதல் நான்கு ஆட்டங்களில் பத்துப் புள்ளிகள் வந்தன. அடுத்த நான்கில் ஒன்று. கடைசி நாளில் அணி தரமிறங்கியது.

இத்தனைக்குப் பிறகும் நிர்வாகிகள் எடுத்துக்காட்டாகச் சொல்வது செல்சியைத்தான். 2012 மார்ச் 4ஆம் தேதி வில்லாஸ்-போவாஸை நீக்கிவிட்டு உதவியாளர் டி மாட்டியோவை உட்கார வைத்தார்கள். மே மாதம் எஃப்.ஏ. கோப்பையும் சாம்பியன்ஸ் லீக்கும் கைக்கு வந்தன. உண்மைதான். லீக்கில் அந்த அணி ஆறாவது இடத்தில்தான் முடித்தது என்பதையும், கோப்பை வென்ற டி மாட்டியோவே அதே ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டார் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். தோற்றால் வெளியேற வேண்டிய நாக்-அவுட்டில் புதிய உத்வேகம் பலித்துவிடலாம். செவியா 2023 மார்ச்சில் மென்டிலிபாரைக் கொண்டுவந்து அந்த மே மாதத்திலேயே யூரோப்பா லீக்கை வென்றதும் அப்படித்தான். உங்கள் சங்கத்துக்கு எஞ்சியிருப்பது லீக் முறை ஆட்டங்களா, நாக்-அவுட் சுழற்கோப்பையா என்பதைப் பொறுத்து விடை மாறும்.

தரமிறக்கமே இல்லாத போட்டியில் அவசரம் எதற்கு என்ற கேள்வியும் உண்டு. இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடும் சென்னையின் எஃப்.சி., 2022 பிப்ரவரியில் கோவாவிடம் ஐந்து கோல் வித்தியாசத்தில் தோற்ற பிறகு பாந்தோவிச்சை நீக்கி, உதவியாளராக இருந்த சபீர் பாஷாவிடம் பொறுப்பைக் கொடுத்தது; எட்டாம் இடத்தில் முடித்தது. கீழே விழும் அபாயம் இல்லாத நிலையில், உள்ளிருந்தவரிடமே பொறுப்பைக் கொடுத்து மீதி ஆட்டங்களில் இளைஞர்களை ஆடவைப்பதுதான் அறிவுள்ள வழி. வெளியிலிருந்து பெரிய பெயரை அழைத்து வருவது வீண் செலவு.

பணம் பற்றிய தவறு எல்லாவற்றிலும் அதிகக் காலம் தொந்தரவு தருவது. தோல்விகள் மட்டுமே ஒப்பந்தத்தை முறிக்க நியாயமான காரணம் ஆகா என்பது லோசான் நகரில் உள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயத்தின் தீர்ப்புகளில் நிலைபெற்ற கருத்து. 2021 ஜனவரி முதல் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிகளில் பயிற்சியாளர்களுக்கென்று தனி இணைப்பே உண்டு. நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டவர் பொதுவாக ஒப்பந்தத்தில் எஞ்சிய காலத்தின் ஊதியத்தைக் கேட்கலாம், அவர் வேறிடத்தில் சம்பாதிப்பது அதிலிருந்து கழிக்கப்படும். நெருக்கடி கொடுத்து அவராகவே போகும்படி செய்வதையும் அந்த விதிகள் ஏற்பதில்லை. ஃபிஃபாவின் இந்த ஏற்பாடு பன்னாட்டுத் தொடர்புள்ள வழக்குகளுக்கானது. உள்ளூர்ப் பயிற்சியாளருக்கும் சங்கத்துக்கும் இடையே 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பேசும். எழுத்தில் ஒன்றும் இல்லை, வாய்ப்பேச்சுதான் என்று தைரியமாக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே, மாதாமாதம் ஜிபேயில் போன பணம் அதற்குச் சாட்சி.

பயிற்சியாளருக்கான உரிமத்தைப் பார்க்காமல் ஆளை நியமித்து அவதிப்படுவதும் நடக்கிறது. இத்தாலியின் பலெர்மோ 2015–16 பருவத்தில் அர்ஜென்டினாவின் கியெர்மோ பாரோஸ் ஸ்கெலோட்டோவை அழைத்து வந்தது. ஐரோப்பாவில் செல்லுபடியாகும் உரிமம் கிடைக்காமல் அவர் சில வாரங்களில் திரும்பிப் போனார். நீங்கள் ஆடும் போட்டியின் விதி எந்த நிலை உரிமம் கேட்கிறது என்று முதலில் படித்துவிடுங்கள்.

இனி, நம் சீமைக்கே உரிய ஒரு சிக்கல். இங்கே சங்கத்தின் கோச் பெரும்பாலும் ஏதாவது ஒரு பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். அணியில் பாதிப் பேர் அவரிடம் ஆறாம் வகுப்பிலிருந்து பந்து உதைத்தவர்கள். பயிற்சி நடக்கும் மைதானம் அந்தப் பள்ளியுடையது; அனுமதி சங்கத்துக்கு அன்று, அவர் முகத்துக்குக் கிடைத்தது. பந்துகளும் கூம்புகளும் இருக்கும் அறையின் சாவி அவரிடம். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் இணையப் பதிவு முறையில் ஆட்டக்காரர்களைப் பதிவுசெய்யும் கடவுச்சொல்லும் பல சங்கங்களில் அவரிடமே இருக்கும். இப்படிப்பட்டவரை வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டு நீக்கினால், மறுநாள் காலை மைதானத்தின் கேட் பூட்டியிருக்கும், ஆறேழு பையன்கள் வரமாட்டார்கள். செயலாளர் நேரில் போய், “கமிட்டியில இப்படி முடிவு ஆயிருக்கு, சார். வேற ஆளு சொல்லி நீங்க கேள்விப்படக் கூடாதுன்னுதான் நானே வந்தேன்” என்று சொல்வதற்குப் பத்து நிமிடம்தான் ஆகும். அதற்கு முன்பே மைதான அனுமதியைச் சங்கத்தின் பெயரில் எழுத்தில் வாங்கி, கடவுச்சொல்லைச் செயலாளர், பொருளாளர் இருவரிடமும் வைத்துக்கொள்வது பருவத்தின் தொடக்கத்திலேயே செய்ய வேண்டிய வேலை.

மேலே சொன்ன எண்ணிக்கைகள் எதுவும் பொருந்தாத ஓர் இடம் இருக்கிறது. பயிற்சியாளர் பிள்ளைகளை அடிக்கிறார், தகாத முறையில் நடக்கிறார் என்று தெரிய வந்தால், மறுநாள் இறுதி ஆட்டமாக இருந்தாலும் அன்றே அவரை விலக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் மீதான பாலியல் குற்றம் என்றால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். சங்கத்துக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளக் கமிட்டிக்கு உரிமை இல்லை.

மற்றபடி, விளையாட்டுக் காரணத்துக்காக விலக்கப்பட்டவருக்கான பாக்கி ஊதியத்தையும், அவர் பணிக்காலத்தைக் குறிக்கும் கடிதத்தையும் அந்த மாதமே கொடுத்துவிடுவது நல்லது. மாவட்டத்தில் உரிமம் பெற்ற பயிற்சியாளர்கள் கொஞ்சம் பேர்தான். பலெர்மோ அந்த ஒரே பருவத்தில் இயாக்கினியையும் பல்லார்தினியையும் நீக்கிவிட்டு இருவரையுமே திரும்ப அழைத்தது. ஏப்ரலில் மீண்டும் வந்த பல்லார்தினிதான் கடைசி நாள் ஆட்டத்தில் வெரோனாவை வென்று அணியை முதல் நிலையில் தக்கவைத்தார்.