மைக்கை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கட வீடு. பெரியப்பா வடமோடி என்கிற நாட்டுக்கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார், வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவருடைய பாட்டுகளைப் பதிந்து வைக்கச் சட்டையில் குத்துகிற சின்ன மைக் ஒன்று வாங்கிப் போனில் செருகினேன். முதல் நாள் இரண்டு மணித்தியாலம் பதிந்ததெல்லாம் கிணற்றுக்குள் இருந்து பாடுவது மாதிரிக் கேட்டது. அழுகையே வந்துவிட்டது.

அடுத்த நாள் பதிவை ஓடவிட்டு மைக்கின் தலையை நகத்தால் சுரண்டினேன். பதிவில் சத்தம் ஒன்றும் விழவில்லை. போனின் அடிப்பக்கத்தைச் சுரண்டினேன், கரகரவென்று கேட்டது. போன் தன் சொந்த மைக்கில்தான் பதிந்திருக்கிறது! பிளக்கில் கறுப்பு வளையம் இரண்டுதான் இருந்தது, அது கேமராவுக்கானது. போனுக்கு மூன்று வளையம் வேண்டும். இரண்டு வளையப் பிளக்கைப் போனுக்கு ஏற்றதாக மாற்றுகிற இணைப்பு வயர் ஒன்று வாங்கிப் போட்டதும் சரி.

மைக்கை நாடிக்குக் கீழே ஒரு சாணில் குத்தினேன். கடற்காற்று அடிக்கிற விறாந்தையை விட்டு, மெத்தையும் துணிமணியும் நிறைந்த அறைக்குப் போய் ஃபேனையும் நிறுத்தினோம். கூத்துக் குரல் உச்சத்தில் வெடிக்கும். அந்த இடத்தையே முதலில் பாடவிட்டு, பதிவின் சத்த அளவு -12 டெசிபெலைத் தாண்டாமல் வைத்தேன். 0 தான் எல்லை, அதைத் தாண்டினால் சத்தம் வெட்டுப்படும். உச்சியில் வெட்டுப்பட்ட சத்தத்தைப் பிறகு முழுதாக மீட்க ஏலாது.

திருப்பிப் போட்டுக் காட்டினேன். "என்ட மூச்சும் கேக்குது மனே" என்றார் பெரியப்பா.