கடைசியில் போய் நின்ற டேப்

செவ்வாய்ப்பேட்டையில் மாமாவின் கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு எழுதுகிறேன். வெள்ளி விலை, ஜிஎஸ்டி, பேங்க், ஆர்டர் மெயில் என்று பிரவுசரில் எப்போதும் முப்பது டேப்பாவது திறந்து கிடக்கும். ஃபயர்பாக்ஸில் லிங்க்கிலிருந்து திறக்கும் டேப் பக்கத்திலேயே வரும். புது டேப்புக்காக கன்ட்ரோல்+டி (T) அமுக்கினால் மட்டும் அது வரிசையின் கடைசிக்குப் போய்விடும். பழைய பில் எங்கே என்று நான் தேடுவதற்குள் மாமா, "என்னப்பா, இன்னுமா?" என்பார்.

புது டேப்பும் பக்கத்திலேயே வர வழி இருக்கிறது. முகவரி அடிக்கும் இடத்தில் அபவுட்:கான்ஃபிக் என்று (ஆங்கில எழுத்தில்தான்: about:config) அடியுங்கள். எச்சரிக்கை வரும், ஏற்றுக்கொள்ளுங்கள். தேடும் கட்டத்தில் 'ஆஃப்டர்கரன்ட்' (aftercurrent) என்று போட்டால் 'பிரவுசர்.டேப்ஸ்.இன்சர்ட்ஆஃப்டர்கரன்ட்' வரும். ஃபால்ஸ் என்றிருப்பதை இருமுறை தட்டினால் ட்ரூ ஆகிவிடும். நடுவில் 'ரிலேட்டட்' சேர்ந்த இன்னொரு வரி லிங்க்குகளுக்கானது. அது ஏற்கெனவே ட்ரூதான். அவசரத்தில் நான் முதலில் அதைத்தான் மாற்றித் தொலைத்தேன், லிங்க்குகளும் கடைசிக்கு ஓடின! திரும்ப ட்ரூ ஆக்கியபின்தான் மூச்சு வந்தது.

பிரவுசரை மூடித் திறக்க வேண்டியதில்லை. குரோம் வைத்திருப்பவர்கள் டேப்பின் மேல் ரைட் கிளிக் செய்தால், வலப்பக்கம் புது டேப் திறக்கும் வசதி அந்தப் பட்டியலிலேயே இருக்கும்.