வேலூர்ப் பக்கம் ஏர் ரைஃபிள் வாங்குகிறவர்களுக்கு: காலிபர், வேகம், கட்டை, பெல்லட்

நிலக்கடலை காய் பிடிக்கும் பருவம் வந்தால் ஒடுகத்தூர், அணைக்கட்டு, பேரணாம்பட்டு ஓரக் கொல்லைகளில் காட்டுப்பன்றி இறங்கிவிடும். விதைத்த மறுநாளே மயில் வந்து கிளறும். "ஒரு ஏர் கன் வாங்கி வைத்தால் என்ன?" என்ற பேச்சு அப்போதுதான் எழும். அமெரிக்காவில் கோயோட்டி எனும் ஓநாய் இன விலங்கைச் சுடும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி எந்த காலிபர் (குழல் துளை அளவு) எடுக்கலாம் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

அந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். அங்கே கோயோட்டிக்குப் பயன்படுவது .223 ரெமிங்டன், .22-250, .243 போன்ற வெடிமருந்துத் தோட்டாக்கள். .223-இல் 55 கிரெய்ன், அதாவது சுமார் 3.6 கிராம் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 975 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. ஆற்றல் 1,700 ஜூல் அளவுக்கு வரும். நம் ஊரில் லைசென்ஸ் இல்லாமல் கிடைக்கும் ஏர் ரைஃபிளின் உச்சவரம்பு 20 ஜூல். எண்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். 20 ஜூல் பெல்லட் (ஏர் ரைஃபிளின் சிறு குண்டு) காட்டுப்பன்றியைச் சாகடிக்காது. தோலுக்குள் ஈயத்தோடு ஓடி, வாரக்கணக்கில் புண் அழுகித் திரியும். காயம்பட்ட பன்றி அடுத்த கொல்லையில் வேலை செய்கிறவர் மேல் பாயும்.

சட்டமும் அனுமதிக்காது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயிலும் நரியும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. 2022 திருத்தத்துக்குப் பிறகு முதல் அட்டவணை உயிரினத்தைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணை. 2025-இல் தமிழக அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைப் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டர் தாண்டினால் வனத்துறையினர் மட்டுமே சுடலாம். விவசாயி சுடலாம் என்று அதில் எங்குமே இல்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தர இடம் வைத்திருக்கிறது. ஆனால் துப்பாக்கி வைத்துக்கொள்ளத்தான் அந்த லைசென்ஸ். விலங்கைக் கொல்ல அல்ல. பயிர் சேதத்துக்குச் செய்ய வேண்டியது, படம் எடுத்து வி.ஏ.ஓ.விடமும் வனச்சரக அலுவலகத்திலும் இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுப்பது.

ஆகவே இங்கே ஏர் ரைஃபிள் என்றால் அது காகித இலக்குக்கு. அதற்கு வாங்கினால் அருமையான பொருள்; பத்து வயதுப் பிள்ளையும் அறுபது வயதுப் பெரியவரும் ஒரே வரிசையில் நின்று பழகலாம்.

காலிபரும் அந்த 20 ஜூல் கணக்கும்

2016 ஆயுத விதிகளின்படி, குழல் அளவு .177 அங்குலத்தைத் (4.5 மி.மீ.) தாண்டினாலோ, குழல் முனையில் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ லைசென்ஸ் வேண்டும். இரண்டில் ஒன்று கூடினாலே போதும். .22 ஏர் ரைஃபிள் (5.5 மி.மீ.) எவ்வளவு மெதுவாகச் சுட்டாலும் லைசென்ஸ் பொருள்தான். "யாரும் கேட்க மாட்டாங்க சார்" என்று கடையில் சொன்னால் அந்தக் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

காலிபர் விஷயத்தில் யோசிக்கவே இடமில்லை: .177. பத்து மீட்டர் போட்டி முழுவதும் அதில்தான் நடக்கிறது, நல்ல பெல்லட்டும் அதில்தான் அதிகம் கிடைக்கிறது. பலரும் ஏமாறுவது வேகத்தில்.

பெட்டியில் "நொடிக்கு 1000 அடி" என்று போட்டிருப்பார்கள். 1000 அடி என்பது சுமார் 305 மீட்டர். கிலோகிராமில் பெல்லட் எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஆற்றல் வரும். 0.53 கிராம் பெல்லட்டுக்கு 305 மீட்டர் வேகம் என்றால் 24 ஜூலுக்கு மேல் போய்விடும்; அது வரம்பை மீறிய துப்பாக்கி. 0.33 கிராம் அலாய் பெல்லட் என்றால் 15 ஜூல்தான். அதாவது அந்த 1000 என்ற எண் பெரும்பாலும் இலேசான பெல்லட்டில் எடுத்த எண். 0.53 கிராமில் 20 ஜூல் என்றால் வேகம் 275 மீட்டருக்குள் இருக்க வேண்டும். எந்த எடை பெல்லட்டில் எத்தனை ஜூல் என்று எழுத்தில் கேளுங்கள். பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

வேகம் கூடுவதால் பத்து மீட்டரில் லாபமும் இல்லை. 175 மீட்டர் வேகப் பெல்லட் பத்து மீட்டர் போவதற்குள் சுமார் 16 மி.மீ. தாழும், 270 மீட்டர் வேகப் பெல்லட் 7 மி.மீ. தாழும். இந்த வித்தியாசம் சைட்டில் (குறி பார்க்கும் அமைப்பில்) சில கிளிக்குகள். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது பெல்லட் தள்ளாடத் தொடங்கும், குரூப் (இலக்கில் ஓட்டைகள் விழும் கூட்டம்) விரியும். போட்டி ரைஃபிள்கள் எல்லாம் 170, 175 மீட்டரிலேயே நிற்பதற்குக் காரணம் இருக்கிறது.

ஸ்பிரிங்கா, பி.சி.பி.யா?

குழலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் ரைஃபிள் விலை குறைவு, காற்று நிரப்பும் வேலை இல்லை. ஆனால் பழகக் கடினமானது. விசையை இழுத்ததும் பிஸ்டன் முன்னால் பாயும், துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் முட்டி நின்றதும் துப்பாக்கி முன்னால் குதிக்கும். பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே இந்த ஆட்டம் ஆரம்பித்துவிடுவதால், இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் படும். முன்கட்டையை உள்ளங்கையில் வெறுமனே வைத்து, தோளில் இலேசாக ஒட்டி, அது குதிக்க விட்டுப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறை சுடும்போதும் கை அதே இடத்தில் இருக்க வேண்டும். மணல் மூட்டை மேல் நேராக வைத்துச் சுட்டால் குரூப் கெடும். நடுவில் கையை வையுங்கள்.

கேஸ் ராம் என்பது ஸ்பிரிங்குக்குப் பதில் அடைத்த வாயு. அதிர்வு கொஞ்சம் குறையும், ஏற்றுவதற்குப் பலம் கூடுதலாக வேண்டும். கார்பன் டை ஆக்சைடு வகையை நம் ஊருக்குப் பரிந்துரைக்க மாட்டோம். மே மாத வேலூர் வெயிலில் 40 டிகிரி தாண்டும்போது அந்த வாயுவின் அழுத்தம் ஏறும், மார்கழியில் இறங்கும், இலக்கில் படும் இடமும் கூடவே ஏறி இறங்கும்.

போட்டிக்குப் போக நினைக்கிறவர் நேராக பி.சி.பி. (முன்கூட்டியே அழுத்தி நிரப்பிய காற்றில் சுடும் வகை) வாங்குவதே சிக்கனம். முதலில் ஸ்பிரிங் வாங்கி, ஆறு மாதத்தில் விற்றுவிட்டு மறுபடி வாங்குவது இரட்டைச் செலவு. பி.சி.பி.யில் உதை இல்லாத அளவுக்குக் குறைவு, தவறு எங்கே என்று உடனே தெரியும். காற்று உருளை வழக்கமாக 200 பார் அழுத்தம். சைக்கிள் பம்பால் ஆகாது. இதற்கென்ற உயர் அழுத்தக் கைப்பம்போ முக்குளிப்பு சிலிண்டரோ வேண்டும். வெல்டிங் கடையிலோ மருத்துவச் சிலிண்டரிலிருந்தோ ஆக்சிஜன் நிரப்பவே கூடாது: எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் உயர் அழுத்த ஆக்சிஜன் வெடிக்கும், ஆள் செத்துப்போவார். பூட்டிய காருக்குள் வெயிலில் உருளையை விடாதீர்கள். 25 டிகிரியில் 200 பார் இருந்தது 60 டிகிரியில் 223 பாரை எட்டும். பழையது வாங்கினால் உருளையில் பொறித்த தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பத்து ஆண்டு தாண்டிய உருளை போட்டியில் ஏற்கப்படாது, வீட்டிலும் வேண்டாம்.

உடம்புக்குப் பொருந்துகிறதா?

கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. கட்டை, அதாவது தோளில் அணைக்கும் பின்பகுதி, பொருந்துகிறதா என்பது. முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வையுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையில் பட வேண்டும். விரல் எட்டவில்லை என்றால் கட்டை நீளம்; விசையைத் தாண்டிப் போனால் குட்டை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்து, கண்ணைத் திறங்கள். சைட் நேராகத் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டியோ குறுக்கியோ தேட வேண்டியிருந்தால் அந்தக் கட்டை உங்களுக்கு இல்லை, அல்லது கன்னப்பலகை ஏற்றி இறக்கும் வசதி வேண்டும். போட்டி ரைஃபிளுக்கு உச்ச எடை 5.5 கிலோ. பன்னிரண்டு வயதுப் பிள்ளை கையில் அதைக் கொடுத்தால் முதுகை வளைத்துத் தாங்கும். அந்த வளைவு பழக்கமாகிவிடும்.

கடையிலேயே இன்னும் சில சோதனைகள். துப்பாக்கி காலி என்று உறுதி செய்து, குழலை மடக்கி, வெளிச்சத்துக்கு எதிரே உள்ளே பாருங்கள்: திருகுப் பள்ளங்கள் முனைவரை தெளிவாகத் தெரிய வேண்டும். திருவிழா பலூன் கடைத் துப்பாக்கியை நம்பித் துல்லியத்தை அளக்காதீர்கள். அது பலூனுக்குப் போதும். மூடிய குழலை இடவலமாக ஆட்டிப் பாருங்கள், துளி ஆட்டமும் கூடாது. குழல் மடங்கியிருக்கும்போது, பெல்லட் வைக்கும்வரை இன்னொரு கையால் குழலைப் பிடித்தே இருங்கள். விசை தவறி விழுந்தால் குழல் மேலே பாய்ந்து விரலை நசுக்கும்.

ஸ்கோப் வேண்டுமென்றால் இரண்டு விஷயம். ஸ்பிரிங் ரைஃபிளின் முன்னும் பின்னுமான உதையில் சாதாரண ஸ்கோப்பின் குறுக்குக் கம்பி சில நூறு முறை சுட்டதும் அறுந்துவிடும். ஏர் ரைஃபிளுக்கென்றே தாங்கும்படி செய்ததை வாங்குங்கள். பெரிய துப்பாக்கி ஸ்கோப்புகள் 100 கெஜத்துக்குக் குவியம் வைத்தவை. பத்து மீட்டரில் மங்கலாகத் தெரியும், கண் நகர்ந்தால் குறியும் நகரும். பத்து மீட்டர் போட்டியிலோ ஸ்கோப்புக்கு இடமே இல்லை, துளை சைட்தான்.

பெல்லட்

காகிதத்துக்குத் தட்டைத்தலை பெல்லட்; வட்டமாக வெட்டிய துளை போடும், மதிப்பெண் படிக்க எளிது. 25 மீட்டருக்கு மேல் என்றால் உருண்டைத்தலை. தலை அளவு 4.49, 4.50, 4.51 என்று டப்பாவில் இருக்கும். எது நல்லது என்பதை உங்கள் குழல்தான் சொல்லும். மூன்று நான்கு வகையில் ஒவ்வொரு டப்பா வாங்கி, உட்கார்ந்து தாங்கல் வைத்து, பத்துப் பத்தாகச் சுடுங்கள். ஐந்து முறை சுட்டதில் வந்த அழகான குரூப்பை நம்பாதீர்கள். வகை மாற்றியதும் முதல் பத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். குழலில் பழைய ஈயம் இருக்கும். பத்து மீட்டர் இலக்கில் பத்து மதிப்பெண் புள்ளி 0.5 மி.மீ.தான், ஒன்பதின் வட்டம் 5.5 மி.மீ. நல்ல பி.சி.பி. பத்துப் பெல்லட்டையும் கிட்டத்தட்ட ஒரே ஓட்டையில் போட வேண்டும். ஸ்பிரிங் ரைஃபிள் 15 மி.மீ.க்குள் போட்டால் வைத்துக்கொள்ளலாம்.

பால்ரஸ், ஆணி, ஊசி எதையும் குழலில் போடாதீர்கள். பள்ளம் கீறிப்போனால் அதற்குப் பரிகாரம் இல்லை. பெல்லட்டை வாயில் வைத்துக்கொண்டு சுடும் பழக்கமும் வேண்டாம், அது ஈயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டீ.

எங்கே சுடுவது?

மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரை நம்பிச் சுடக்கூடாது. தவறிய பெல்லட் சில நூறு மீட்டர் போகும். இலக்குக்குப் பின்னால் மரப்பெட்டி, அதற்குள் 45 டிகிரி சாய்த்த 3 மி.மீ. இரும்புத் தகடு, அடியில் பழைய துணி. அதற்கும் பின்னால் முழுச் சுவர். கருங்கல் சுவரில் நேராகச் சுட்டால் ஈயம் சிதறித் திரும்பும், எல்லோருக்கும் கண்ணாடி கட்டாயம். ஏற்றிய துப்பாக்கியோடு நடக்கக் கூடாது. வெளியே கொண்டு போனால் காலியாக, உறையில், பில்லோடு. அமிர்தி, ஜவ்வாது மலைக் காட்டுப் பாதைக்கு அதை எடுத்துப் போகவே வேண்டாம். வனத்துறை நிறுத்தினால், காகிதத்தைச் சுடத்தான் வைத்திருக்கிறேன் என்ற பேச்சு அங்கே எடுபடாது.

கெட்டுப்போவது எப்படி

பெல்லட் இல்லாமல் ஸ்பிரிங் ரைஃபிளைச் சுடுவதுதான் முதல் காரணம். முன்னால் காற்றுத் தடை இல்லாமல் பிஸ்டன் நேராக மோதி சீல் உடையும். அடுத்தது எண்ணெய். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடுவார்கள். அழுத்த அறைக்குள் போன எண்ணெய் சூட்டில் பற்றி, புகையும் பட்டாசுச் சத்தமும் வரும், சீல் கருகும். அதோடு தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் விசைக்குள் மெழுகாகப் பிடித்துக்கொள்ளும். மடங்கும் மூட்டுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும், அறைக்குள் எதுவும் வேண்டாம்.

நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தது திடீரென்று சிதறினால் சைட்டைத் திருகாதீர்கள். முதலில் கட்டையின் திருகாணிகளைப் பாருங்கள். ஸ்பிரிங் ரைஃபிளில் இருநூறு முந்நூறு தடவை சுட்டதும் அவை தளரும். பிறகு குழல் மூட்டின் மேல் மெல்லிய டிஷ்யூ துண்டை வைத்து, பெல்லட் போட்டுச் சுடுங்கள். துண்டு பறந்தால் அங்கே காற்று கசிகிறது, ரப்பர் வளையம் மாற்ற வேண்டும். இரண்டும் சரி என்றால் குழலைப் பஞ்சு பெல்லட்டால் துடையுங்கள். அப்புறம்தான் சைட்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கைப்பம்பு காற்றோடு ஈரத்தையும் உருளைக்குள் தள்ளும். பம்பின் ஈரம் உறிஞ்சும் வடிகட்டியை அந்த மாதங்களில் அடிக்கடி மாற்றுங்கள், ஐம்பது தடவை பம்பு அடித்ததும் நிறுத்தி ஆறவிடுங்கள். நுரை வைத்த உறையில் துப்பாக்கியை மாதக்கணக்கில் பூட்டி வைத்தால் நுரை ஈரத்தைப் பிடித்துக்கொண்டு குழல் துருப்பிடிக்கும்; வெளியே எடுத்து, எண்ணெய்த் துணியால் துடைத்து, பூட்டிய பீரோவில் நிமிர்த்தி வையுங்கள், பெல்லட் வேறு இடத்தில்.